பருத்தி நகரின் இசைப் பருவம்

மேல்நாட்டு நகரங்களில் இலையுதிர் காலம் தொடங்குமுன்பே சிம்பொனி வாத்தியக் குழுக்கள் தத்தம் இசைப் பருவத்துக்குரிய நிகழ்ச்சி நிரலை வெளியிடுவது வழக்கம். குளிர்காலம் முழுவதும் நடைபெறவுள்ள கச்சேரிகள், அவற்றில் இடம்பெறும் ஆக்கங்கள், விருந்தினராக வந்து தனித்து வாசிக்கவோ பாடவோ போகும் கலைஞர்கள் ஆகிய விவரங்கள் யாவும் அதிலே காணப்படும். குழு நடத்துநரின் பெயரும் விருந்துக் கலைஞரின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். அவர்களோடு சேர்ந்து வாசிக்கும் எழுபது எண்பது பேரின் பெயர்கள், அச்சிடப்படுமாயின், கடைசிப் பக்கத்திலே சிறிய எழுத்தில் நெருங்கிக் கிடக்கும். மண்டபம் எழுந்த நிலத்தின் கதையோ, அதற்குரிய பணம் வந்த வழியோ, மலிவான இடத்திலே நின்று கேட்டவர்களின் பெயரோ அந்த நிரலில் இடம்பெறுவதில்லை. இசை வரலாறு எழுதுவோரிற் பலரும் இந்த நிரலையே பின்பற்றி எழுதி வந்துள்ளனர். பெரிய எழுத்துக்களே வரலாறாகிவிட்டன.

இவ்விசையைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. இது காலத்தையும் வர்க்கத்தையும் கடந்த தூய கலை என்பார் ஒரு சாரார். செல்வரின் பணத்தில் செல்வருக்காக வளர்ந்த பொழுதுபோக்கு இது, உழைக்கும் மக்களுக்கு இதனால் ஆவது யாதுமில்லை என்பார் மற்றொரு சாரார். பின்னைய கருத்தை ஆர்வமிக்க நம் மாணவரிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கிறோம். அவர்களின் கோபம் நியாயமானதே. ஆயினும் இவ்விரு கருத்துக்களும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டுமே வரலாற்றைப் பார்க்க மறுக்கின்றன. எனவே, ஒரு நகரத்தையும் அங்கே 1858 முதல் நடந்துவரும் இசைப் பருவத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த வரலாறு நமக்கு என்ன கூறுகிறது என்று நோக்குவோம். அந்நகரம் மான்செஸ்டர். குழு, ஹாலே வாத்தியக் குழு.

1819ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆந் திகதி ஜேர்மனியின் வெஸ்ற்பாலியா மாகாணத்து ஹாகன் என்னும் ஊரிலே கார்ல் ஹாலே பிறந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதி, மான்செஸ்டர் நகரின் புனித பீற்றர் திடலில் ஏறத்தாழ அறுபதினாயிரம் மக்கள் திரண்டனர். அவர்களுள் நெசவாளரே மிகுதி. பெண்களும் குழந்தைகளும் நல்லுடை உடுத்துக் கொடிகள் ஏந்தி வந்திருந்தனர். அவர்கள் கேட்டவை வாக்குரிமையும், ரொட்டியின் விலையை உயர்த்திய தானியச் சட்டத்தின் நீக்கமுமே. உள்ளூர் வணிகரும் முதலாளிகளும் அங்கம் வகித்த குதிரைப்படை வாளேந்திக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அரசின் படையும் தொடர்ந்தது. பதினைந்துக்குக் குறையாதோர் மாண்டனர்; பல நூற்றுவர் காயமுற்றனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் நெப்போலியனை வென்ற வாட்டர்லூப் போரை நினைவூட்டி, நிராயுதபாணிகள் மீது பெற்ற இவ்வெற்றியைப் ‘பீற்றர்லூ’ என்று மக்கள் எள்ளி நகையாடினர். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரு நிகழ்ச்சிகளும் முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

இக்காலத்தில் மான்செஸ்டர் உலகின் பருத்தித் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. அதன் ஆலைகளையும், ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சேரிகளையும் நேரிற் கண்டே பிரெடெரிக் எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலையைப் பற்றிய நூலை வெளியிட்டார். நகரின் வணிகக் குடும்பங்களுள் ஜேர்மன் நாட்டிலிருந்து வந்து குடியேறியவை பல. அவர்கள் தம்மோடு இசை நாட்டத்தையும் கொண்டுவந்தனர். ‘கனவான்களின் கச்சேரி’ என்னும் பெயருடைய ஓர் அமைப்பு அங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இயங்கி வந்தது. சந்தா செலுத்திய அங்கத்தினருக்கே அதன் கதவு திறந்தது. 1848 ஓகஸ்டில் சோப்பின் அங்கே வந்து பியானோ வாசித்தார். நோயால் நலிந்திருந்த அவர் அடுத்த ஆண்டில் மறைந்தார். உலகம் போற்றிய அந்தக் கலைஞரின் வாசிப்பைக் கேட்கும் பேறு, அவரது வருகைக்குரிய செல்வத்தை நூற்றுக் கொடுத்த நகர மக்களுக்குக் கிட்டவில்லை.

அதே 1848இலே ஹாலேயும் மான்செஸ்டர் வந்து சேர்ந்தார். பரிஸ் நகரில் சோப்பின், லிஸ்ற், பெர்லியோஸ் முதலியோரின் நட்பைப் பெற்றுப் பியானோ ஆசிரியராகவும் கலைஞராகவும் அவர் வாழ்ந்துவந்தார். பெப்ரவரிப் புரட்சி லூயி பிலிப்பின் முடியாட்சியை வீழ்த்தியது. கலைஞரை ஆதரித்த செல்வர் நகரைவிட்டு அகன்றனர்; ஹாலேயின் வருவாய் நின்றது. முதலில் இலண்டனை அடைந்த அவரை, மான்செஸ்டரில் சீட்டித்துணி அச்சிடும் தொழில் நடத்திய ஹேர்மன் லியோ என்பவர் அழைத்துக்கொண்டார். ‘கனவான்களின்’ வாத்தியக் குழுவை முதன்முறை கேட்டபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று எண்ணியதாக ஹாலே தம் நினைவுக் குறிப்புகளிற் கூறியுள்ளார். ஆயினும் அவர் தங்கினார், குழுவைத் திருத்தினார்.

இரண்டு ஆண்டுகளின் பின், தோல்வியுற்ற ஜேர்மன் புரட்சியில் ஆயுதமேந்தி நின்ற எங்கெல்சும் மான்செஸ்டருக்கே மீண்டார். அவர் பிறந்த பார்மன் ஹாகனுக்கு அண்மையிலுள்ள ஊர். தந்தையார் பங்காளியாக இருந்த பருத்திக் கம்பனியில் 1850 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார்; அவ்வருவாயைக் கொண்டு இலண்டனில் வறுமையில் வாடிய மார்க்சின் குடும்பத்தைத் தாங்கினார். 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்ததென்றால், அதற்கு உரமிட்டதும் மான்செஸ்டர்ப் பருத்தியே. இந்த உண்மையை நாம் இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். ஓர் ஆக்கத்துக்கு உதவிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவது இன்றியமையாதது. ஆனால் அதைக் கொண்டே அந்த ஆக்கம் யாருக்குரியது என்று தீர்த்துவிட முடியாது.

1857இல் மான்செஸ்டரின் ஓல்ட் ட்ராஃபோட் பகுதியில் ஒரு மாபெரும் கலைப் பொருட்காட்சி மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை நடைபெற்றது. பதின்மூன்று இலட்சம் பேர் அதனைக் கண்டனர். அங்கே நாள்தோறும் இசை வழங்கும் பொறுப்பை ஏற்ற ஹாலே, கண்டத்து நகரங்களிலிருந்தும் வாத்தியக்காரரை வருவித்துக் குழுவைப் பெருக்கினார். சந்தா இல்லை, அங்கத்துவம் இல்லை. நுழைவுக் கட்டணம் செலுத்திய எவரும் கேட்கலாம். வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களிலிருந்து வந்த ஆயிரமாயிரம் மக்கள் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சிம்பொனியைக் கேட்டது இப்பொழுதுதான். காட்சி முடிவுற்றபோது இக்குழுவைக் கலைத்துவிட ஹாலேக்கு மனம் வரவில்லை. தம் சொந்தப் பொறுப்பிலே, நட்டம் வரின் தாமே ஏற்பதாக, பொதுமக்களுக்குரிய வாராந்தக் கச்சேரிகளைத் தொடங்கினார். முதற் கச்சேரி 1858 ஜனவரி 30ஆந் திகதி நடைபெற்றது.

அது நடைபெற்ற இடம் சுதந்திர வர்த்தக மண்டபம். எங்கே குதிரைகளின் குளம்படியில் நெசவாளர் வீழ்ந்தனரோ, அந்தப் புனித பீற்றர் திடலிலேதான் அம்மண்டபம் எழுந்து நின்றது. 1846இல் தானியச் சட்டம் நீக்கப்பட்டதன் நினைவாக அது கட்டப்பட்டு 1856இல் திறக்கப்பட்டது. 1819இல் மக்கள் எழுப்பிய குரல்களுள் ஒன்று நிறைவேறியது உண்மையே. ஆனால் வெற்றிச் சின்னத்தை எழுப்பியவர்கள் ஆலை முதலாளிகள். வாக்குரிமை கேட்டு மாண்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களுக்கு மண்டபம் கிடைத்தது. வாக்குரிமை இன்னும் கிடைக்கவில்லை. பூர்ஷுவா வர்க்கம் தன் வெற்றியை மக்கள் அனைவரின் வெற்றியாகக் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதற் பருவத்தின் தொடக்கத்தில் ஆசனங்கள் பல வெறுமையாகவே கிடந்தன. நிறுத்திவிடுமாறு நண்பர்கள் கூறினர். ஹாலே கேட்கவில்லை. வாரங்கள் செல்லச் செல்ல மக்கள் பெருகினர். முப்பது கச்சேரிகளின் முடிவிலே கணக்குப் பார்த்தபோது எஞ்சிய இலாபம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதாவது கச்சேரி ஒன்றுக்கு ஒரு பென்னி. நிர்வாகிகள் அத்தொகையைப் புத்தம்புதிய மூன்று பென்ஸ் நாணயங்கள் பத்தாகக் கொண்டுவந்து கொடுத்தனர் என்று ஹாலே எழுதுகிறார். முன்வரிசையில் வணிகக் குடும்பங்கள் அமர்ந்தன. பின்னால் ஒரு ஷில்லிங் கொடுத்தோர் திரண்டனர். ஒரு ஷில்லிங் ஆலைத் தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. ஆயினும் ‘கனவான்களின்’ கதவு பணத்தோடு பரம்பரையையும் பழக்கத்தையும் கேட்டது; இக்கதவு பணத்தை மட்டுமே கேட்டது. சந்தையானது பழைய தடைகளைத் தகர்த்துப் புதிய தடையொன்றை நிறுவுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். தகர்ந்ததை மறைப்பதும் தவறு. நிறுவப்பட்டதை மறைப்பதும் தவறு.

அம்மண்டபத்தின் ஒளிக்குப் பின்னால் வேறு நிழல்களும் இருந்தன. மான்செஸ்டர் நூற்ற பருத்தியிற் பெரும்பகுதி அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் கையாற் பறிக்கப்பட்டது. நெய்த துணி இந்தியச் சந்தைகளை நிறைத்தது. அங்கே கைத்தறியை நம்பி வாழ்ந்த நெசவாளர் குடும்பங்கள் வாழ்விழந்தன. ஹாலேயின் இசைப் பருவம் தொடங்கி மூன்று ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்கள் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டன. பருத்தி வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து உதவி நிதியை நம்பி வாழ்ந்தனர். முற்றுகையை முறியடித்துத் தென் மாநிலங்களுக்குத் துணை நிற்குமாறு முதலாளிகள் சிலர் கிளர்ச்சி செய்தனர். இந்நிலையில் 1862 டிசெம்பர் 31ஆந் திகதி அதே சுதந்திர வர்த்தக மண்டபத்தில் தொழிலாளர் கூடினர். அடிமை முறையை ஒழிக்கும் போருக்கு ஆதரவு தெரிவித்து ஜனாதிபதி லிங்கனுக்கு ஒரு மடல் அனுப்பினர். 1863 ஜனவரி 19ஆந் திகதி அவர்களின் வீரத்தைப் புகழ்ந்து லிங்கன் பதில் எழுதினார். லங்காஷயர்த் தொழிலாளர் யாவரும் ஒரே கருத்தினராய் இருந்தனர் என்று கூறுவது மிகையாகும்; பசி பலரை மறுபக்கமும் இழுத்தது. எனினும், தம் அடுப்பை அணைத்த முற்றுகையை ஆதரிக்க அங்கே திரண்ட மக்கள் இருந்தனர் என்பது வரலாற்று உண்மை. பேத்தோவனின் இசையில் மனித விடுதலையின் குரலைக் கேட்பவர்கள், அதே கூரையின் கீழ் எழுந்த இந்தக் குரலையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

இனி, பெரிய எழுத்துப் பெயர்களை நோக்குவோம். ஹாலேயின் மேடைக்கு வந்த வயலின் கலைஞருள் ஜோசப் யோவாகிமும் வில்மா நெருடாவும் தலைசிறந்தவர்கள். வயலின் பெண்களுக்கு ஏற்ற வாத்தியமன்று என்று கருதப்பட்ட காலத்தில் நெருடா அம்மையார் அதனை ஏந்தி ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றார். 1888இல் ஹாலேயை மணந்தார். இத்தகையோரின் வருகையே பருவச் சீட்டுக்களை விற்றது. அவர்களின் கலை அதற்குத் தகுதியானதே. ஆனால் குழுவினரின் நிலை வேறாயிருந்தது. அவர்களுக்குக் குளிர்காலத்தில் மட்டுமே வேலை. கோடை வந்ததும் கடற்கரை ஊர்களிலும் நாடக அரங்குகளிலும் பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. இசைப் பருவம் என்னும் அழகிய சொல், வாத்தியக்காரனுக்குப் பருவகாலக் கூலி என்றே பொருள்பட்டது.

1893ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் மான்செஸ்டரில் அரச இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. முதல் அதிபர் ஹாலே. அதே ஆண்டில் அதே நகரில், நாடக அரங்கொன்றில் கிளாரினெற் வாசித்துவந்த ஜோசப் வில்லியம்ஸ் என்பவர் வாத்தியக்காரருக்கென ஒரு தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் 1921இல் இலண்டன் சங்கத்தோடு இணைந்து பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கமாக வளர்ந்தது அதுவே. தாம் கலைஞரா, தொழிலாளரா என்னும் வினா அக்காலத்து வாத்தியக்காரரை வருத்தியது. கலைஞனுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டவர்கள், கலைஞனுக்குக் கூலி எவ்வளவு என்ற கேள்வியைத் தவிர்க்கவே அப்படிக் கேட்டனர். ஆசிரியப் பணி புனிதமானது என்று கூறிச் சம்பளப் பேச்சை மூடிவைக்கும் குரலை நன்கறிந்த நமக்கு அவ்வினா புதிதன்று.

பெண்களின் நிலையும் இத்தகையதே. 1905 ஒக்டோபரில் இதே மண்டபத்தில் நடந்த அரசியற் கூட்டத்தில், பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பீர்களா என்று கிறிஸ்தாபெல் பாங்க்ஹர்ஸ்டும் பருத்தி ஆலைத் தொழிலாளியான ஆனி கெனியும் வினவினர். பதிலுக்கு அவர்கள் வெளியே இழுத்துச் செல்லப்பட்டுச் சிறையும் புகுந்தனர். விருந்தினராக வந்த நெருடாவுக்கு மேடையின் நடுவிடம் கிடைத்தது. குழுவின் வரிசையில் பெண்ணுக்கு நாற்காலி இல்லை. முதலாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது பெண்கள் உள்ளே வந்தனர். போர் முடிந்தபின், 1920இல் நடத்துநர் பொறுப்பை ஏற்ற ஹமில்டன் ஹார்ட்டியின் காலத்தில், அவர்கள் வெளியேற்றப்பட்டனர். தனித்து ஒளிரும் ஒருத்தியைப் போற்றுவது எந்தச் சமுதாயத்துக்கும் எளிது. ஒரு வரிசையில் சம கூலிக்குப் பலரை அமர்த்துவதே கடினம்.

1940 டிசெம்பரில் ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் சுதந்திர வர்த்தக மண்டபம் அழிந்தது; வெளிச்சுவர்களே எஞ்சின. 1943இல் நியூயோர்க்கிலிருந்து ஜோன் பார்பிரோலி நடத்துநராக வந்தபோது குழுவில் ஏறக்குறைய முப்பது பேரே இருந்தனர். இளைஞர் படையிலிருந்தனர், வேறு பலர் வானொலிக் குழுவோடு சென்றுவிட்டனர். சில வாரங்களுக்குள் பருவத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பார்பிரோலி புகழையோ சான்றிதழையோ பாராது, வாசிக்கத் தெரிந்த எவரையும் கேட்டுப் பார்த்தார். முதற் புல்லாங்குழலுக்கு ஒரு பாடசாலை மாணவன் கிடைத்தான். ஹோர்ன் வாசிக்க ஓர் ஆசிரியை வந்தார். அப்பகுதியின் பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்து வேறு பலர் சேர்ந்தனர். சுரங்கங்களையும் ஆலைகளையும் சார்ந்த தொழிலாளர் தம் ஓய்வு நேரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கலை, அந்நெருக்கடியில் கைகொடுத்தது. பெண்களும் பெருமளவில் வந்தனர். 1943 யூலை 5ஆந் திகதி பிராட்ஃபோட் நகரில் புதிய குழு தன் முதற் கச்சேரியை நடத்தியது. மண்டபமற்ற குழு, மான்செஸ்டரின் சர்க்கஸ் அரங்கொன்றிலும் வாசித்தது. வாத்தியக்காரருக்கு ஆண்டு முழுவதற்குமான வேலை இக்காலத்திலேயே உறுதியாயிற்று. எண்பத்தைந்து ஆண்டுகளாகக் கனவான்களின் தயவு செய்யாததை, போர்க்கால நெருக்கடியும் பொதுப் பணமும் ஒழுங்கமைந்த கோரிக்கையும் செய்வித்தன.

மீண்டும் கட்டப்பட்ட மண்டபம் 1951 நவம்பரில் திறக்கப்பட்டபோது விருந்துக் கலைஞராகப் பாடியவர் கத்லீன் ஃபெரியர். லங்காஷயரின் ஹையர் வோல்ற்றன் என்னும் சிற்றூரில் ஒரு பாடசாலை அதிபரின் மகளாகப் பிறந்தவர். பதினான்கு வயதிற் படிப்பை நிறுத்திப் பிளக்பேர்ன் நகரின் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சென்றவர். நாற்பத்தோராம் வயதில், 1953இல், புற்றுநோயால் மறைவதற்கு முன் உலகின் பெருங் குரல்களுள் ஒன்றாக அவர் மதிக்கப்பட்டார். எனினும் அந்த மாலையில் அரசியின் முன்னிலையில் அவர் பாடியது பேரரசின் பெருமையைப் போற்றும் எல்காரின் பாடல். தொழிலாளர் இரத்தம் சிந்திய மண்ணிலே, தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, பேரரசின் பாடலைப் பாடினாள். இதிலே எப்பகுதி மக்களுடையது, எப்பகுதி ஆள்வோருடையது என்று கத்தியால் வெட்டிப் பிரிக்க இயலாது. குரல் மக்களிடமிருந்து வந்தது. பாடலைத் தெரிந்த அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. பண்பாட்டு வரலாற்றின் சிக்கல் முழுவதும் இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கும் எனலாம்.

1996இல் ஹாலே குழு பிரிட்ஜ்வோட்டர் மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய மண்டபம் விற்கப்பட்டு, 2004இல் ஆடம்பர விடுதியாயிற்று. அதன் சுவரில் 1972இல் பதிக்கப்பட்ட நினைவுப் பலகை, பீற்றர்லூவில் கூட்டம் படையினரால் ‘கலைக்கப்பட்டது’ என்றே கூறிற்று. மாண்டவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மக்கள் தொடர்ந்து வற்புறுத்தியதன் பின்னரே, 2007இல், ஆயுதமேந்திய குதிரைப்படை தாக்கியதையும் உயிர்ப்பலியையும் கூறும் புதிய பலகை அவ்விடத்தில் வைக்கப்பட்டது. ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. குழுவிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2024இல் அதன் முதன்மை நடத்துநராகப் பொறுப்பேற்றவர் சிங்கப்பூரிற் பிறந்த கா சுன் வோங். ஒரு காலத்தில் மான்செஸ்டர்த் துணிக்குச் சந்தையாக மட்டும் எண்ணப்பட்ட ஆசியாவிலிருந்து இன்று நடத்துநரும் தனிக்கலைஞரும் அந்நகர மேடைகளுக்குச் செல்கின்றனர்.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? கலை சமுதாயத்துக்கு அப்பால் வானிலே பிறப்பது என்னும் கூற்று, பருத்தியின் கணக்கை மறைக்கும் கூற்று. அது செல்வரின் உடைமை மட்டுமே என்னும் கூற்றோ, ஒரு ஷில்லிங் கொடுத்துப் பின்னால் நின்றவனையும், கிளாரினெற் வாசித்துக்கொண்டே சங்கம் அமைத்தவனையும், போர்க்காலத்திலே ஹோர்னைத் தூக்கிக்கொண்டு வந்த ஆசிரியையையும் மறைக்கின்றது. செல்வருக்கு எதிராகக் கூறப்படுவதாயினும் இரண்டாவது கூற்றும் இறுதியிற் செல்வருக்கே உதவுகிறது. மக்களின் உழைப்பால் வளர்ந்த ஒன்றை மக்களே கைவிட்டுச் செல்லுமாறு அது கூறுகிறதன்றோ!

ஆதலால் நம் மாணவர் இத்தகைய இசையை ஒதுக்குதல் வேண்டா. வியந்து வாய்பிளந்து நிற்றலும் வேண்டா. எந்தக் கலையாயினும், எந்த நாட்டினதாயினும், மேடையில் நிற்பவர் யார், வரிசையில் இருப்பவர் யார், கதவு யாருக்குத் திறந்தது, மண்டபம் எந்த மண்ணில் நிற்கிறது என்று கேட்கப் பழகுதல் வேண்டும். நிகழ்ச்சி நிரல் கைக்கு வரும்போது கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தையும் அவர்கள் வாசிக்கட்டும். அதிலே இடம்பெறாத பெயர்களைத் தேடிச் சேர்ப்பது வரலாறு கற்பிக்கும் நம் அனைவரின் கடமையாகும்.